கடல் விமானத்தில் வந்த நொச்சி

சிவமலர் கைசுத்தமான பெண். சுவிஸில் லுசேர்ண் நகரில் தனியே இருந்த கிழவர் ஹூபர், வீடு துடைக்க வரும் அவளிடம் வாசல் கதவின் திறப்பையே கொடுத்து வைத்திருந்தார். அப்படிப்பட்டவளைக் கெடுத்தது புருஷனின் சளி.

ஹூபர் இளமையில் கடல் விமான மெக்கானிக். பசிபிக் கடலுக்கு மேலால் பயணிகளை ஏற்றத் தொடங்கிய காலம் அது. எண்ணெய் நிரப்பத் தீவுக்குத் தீவு இறங்குவார்கள். மற்றவர்கள் பியர் குடிக்க, இந்த மனிதர் செடி பிடுங்கியிருக்கிறார். பத்திரிகைத் தாள்களில் மடித்துக் காயவைத்த செடிகள் பெட்டி பெட்டியாக இருந்தன. வசந்தத்தில் அவற்றை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக இருந்தார்.

நத்தார் பண்டிகைக்கு முன் புருஷன் யோகராஜாவுக்கு நெஞ்சுச் சளி. அவன் சமையல் வேலை செய்யும் ஹோட்டல் குசினியில் இருமினால் வேலை போய்விடும். கிழவரின் பெட்டிகளைத் தூசி தட்டும்போது சிவமலர் கண்டது நொச்சி. அல்லது அதன் ஒன்றுவிட்ட சகோதரம். ஊரில் ஆவி பிடிக்கும் இலையை இந்தப் பனிக்குள் கண்டால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? ஒரு கொப்புத்தானே என்று எடுத்துப் போய் அவித்தாள். யோகராஜா போர்வைக்குள் வியர்த்து எழும்பினான். ஐம்பது வருட இலை செய்த வேலையா, வெறும் சுடுதண்ணீரா, யார் கண்டது?

பிறகு, அருங்காட்சியகத்துக்காகச் செடிகளை எண்ணிப் பார்த்த கிழவர் அந்தக் கொப்பைத் தேடத் தொடங்கினார். அலுமாரி, கட்டிலடி, கடைசியில் குளிர்ப்பெட்டிக்குள்ளும் பார்த்தார்.

"நானே எங்கோ வைத்துவிட்டேன், சிவமலர். என் அம்மாவுக்கும் மறதி இப்படித்தான் தொடங்கியது."



"இஞ்சரப்பா, நான் சொல்லட்டோ?" என்று வீட்டில் கேட்டாள்.

"விசர்க் கதை கதையாதை. அகதி வழக்கு முடியேல்லை. களவெண்டு பொலிசிலை சொன்னால் என்ன செய்வாய்?" என்றான் யோகராஜா.

வாயை மூடிக்கொண்டு துடைத்தாள். கிழவரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பனி உருகிய ஒரு காலை, கூடத்தில் சூட்கேஸ்கள் நின்றன. முதியோர் இல்லத்துக்குப் போவதாகச் சொன்னார் ஹூபர். "இந்தத் தலையை நம்பி இனித் தனியே இருக்க முடியாது."

சிவமலர் துடைக்கும் துணியைக் கீழே வைத்தாள். தெரிந்த ஜெர்மன் சொற்களையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து, எடுத்தது, அவித்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கிழவர் திட்டவில்லை. அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் எனக்கு மறதி இல்லை!" என்று அவள் கைகளைப் பிடித்துக் குலுக்கினார்.

குலுக்கிய கைகள் மெல்ல நின்றன.

"நேற்றுத்தான் வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட்டேன்," என்றார்.