எழுதாத கூட்டு

வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. புதுக் கடைக்காரர்களுக்குச் சட்டம் சொல்லித்தந்த வக்கீலம்மாவிடம் கேக் கடைக்காரி கேட்டாள்: "நானும் கொழுந்தனும் சேர்ந்து நடத்துறோம், எதுவும் எழுதிக்கல. அவன் கையெழுத்து என்னைக் கட்டாதுல்ல?"

"எழுதலைன்னாலும் கூட்டாளிதாம்மா. கடைக்காக அவர் போட்டா நீங்க போட்ட மாதிரி."

கடைக்குப் பெரிய இடமாக வாடகைக்கு எடுக்க, ஐந்து வருஷ ஒப்பந்தம் போடக் கொழுந்தன் அன்றுதான் போயிருந்தான். கட்டுப்படியாகாது என்று அவளுக்குத் தெரியும். எது வந்தாலும் அவன் தலையோடு போகட்டும் என்றுதான் விட்டிருந்தாள். வெளியே ஓடிப் போன் செய்தாள்.

"போட்டுட்டியா?"

"போட்டாச்சு அண்ணி. உள்ளே பந்தே விளையாடலாம்."



இரண்டாம் வருஷம் கடை மூடியது. கொழுந்தன் சம்பளத்துக்குப் போனான். அவள் வீட்டிலேயே கேக் செய்து, ஒப்பந்தத்தில் மீதியிருந்த வருஷங்களின் வாடகையில் தன் பங்கைக் கட்டி முடித்தாள். வக்கீலம்மா இன்னும் வகுப்பெடுக்கிறார்.