வாட்சோவுக்கும் கிர்கெனேஸுக்கும் நடுவில்

"பறந்தால் பதினைஞ்சு நிமிசம் எண்டுதானே அண்ணா போட்டிருந்தது," என்றாள் கஜந்தி கைபேசியில்.

"பறந்தால்தானே, பிள்ளை," என்றான் இளங்கீரன்.

நோர்வேயின் வடகோடியில், வாட்சோ என்ற ஊரின் சின்ன விமானநிலையத்தில், முந்தின நாள் காலையிலிருந்து அவன் பனிப்புயலுக்குள் மாட்டிக் கிடந்தான். எதிர்க்கரைக் கிர்கெனேஸுக்குப் போனால்தான் ஒஸ்லோவுக்கு விமானம். கஜந்தி நின்றது ஜெர்மனியில், சுடலை மண்டபத்து வாசலில். உள்ளே அப்பா செல்வராசா பெட்டிக்குள் கிடந்தார். திங்கட்கிழமை தேத்தண்ணி கேட்ட மனுசன், அது ஆறுமுன்னம் போய்விட்டார். அந்த இடியே இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை, அதற்குள் இது.

பிழை முழுக்க அவளுடையது. புயலுக்கு முந்தின பின்னேரமே காரில் வெளிக்கிடுகிறேன் என்றுதான் அண்ணன் சொன்னான். கடலைச் சுற்றிப் போகிற நீண்ட ரோடு. கஜந்தி கைபேசியைத் தட்டிப் பார்த்தாள். இரண்டு விமானநிலையத்துக்கும் நடுவில் நாற்பது கிலோமீற்றர்கூட இல்லை. அவளுக்குக் கைபேசி சொன்னால் வேதவாக்கு. "பனியில கார் ஓடாதேங்கோ. அப்பா போனது காணும், உங்களையும் விடேலாது. பிளேனில வாங்கோ" என்று அழுது மறித்துவிட்டாள். விடிந்தபோது விமானமும் நின்றது, ரோட்டையும் பூட்டிவிட்டார்கள்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. "வந்துகொண்டிருக்கிறார்" என்றே சமாளித்துவிட்டாள். அதை நம்பி அம்மா சந்திரகாந்தி, மகன் கட்டுவதற்கென்று வேட்டியை அயர்ன் பண்ணி மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள்.

"எங்களுக்குத் தந்த டெர்மின் நேரம் முடியப்போகுது. கொள்ளி வைக்கிற பெடியன் எங்க?" என்றார் பெரியப்பா இரத்தினம்.

கஜந்தி அம்மாவின் காலடியில் குந்தினாள். "அண்ணா வரமாட்டார், அம்மா. அவர் முந்தியே காரில வெளிக்கிடப் பார்த்தவர். நான்தான் மறிச்சனான்."

அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. ஏசுவாள் என்று பார்த்தாள். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.

"பெரியப்பா, நீங்கள் வைக்கலாமோ?"

"தம்பிக்குத் தமையன் வைக்கிறேல்லை, பிள்ளை."

அம்மா எழும்பினாள். கையிலிருந்த வேட்டியை, மடிப்புக் குலைக்காமல், கஜந்தியின் தோளில் சால்வைபோலப் போட்டாள்.

"நீ வை."

கஜந்தி பெட்டியின் மேல் கற்பூரத்தை வைத்தாள். பிறகு அங்கே வேலை செய்கிற ஜெர்மன்காரர் காட்டிய பொத்தானில் விரலை வைத்தாள். அழுத்தினாளோ இல்லையோ என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. உலைக் கதவு திறந்தது, பெட்டி உள்ளே போனது, கதவு மூடியது.

வெளியே வரக் கைபேசி அடித்தது.

"கஜந்தி, காத்து விட்டிட்டுது. ஆக்களை ஏத்துறாங்கள். இன்னும் பதினைஞ்சு நிமிசத்தில கிர்கெனேஸ். நாளைக்கு எண்டாலும் வைக்கலாமோ எண்டு ஒருக்காக் கேட்டுப்பாரன்."

அவன் குரலுக்குப் பின்னால் விமானம் இரைந்தது.

"வாங்கோ அண்ணா," என்றாள்.

தோளிலிருந்த வேட்டியை எடுத்து, அம்மா அயர்ன் பண்ணின மடிப்பிலேயே திரும்ப மடிக்கத் தொடங்கினாள்.