அழகையாவைத் தெரியாத கோயில்

1

இந்தக் கதைக்குத் தியாகராஜா சேர்தான் பொறுப்பு. பிழை கண்டால் அவரைக் கேளுங்கள்.

கல்லூரிச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்றார். தலைப்பும் அவருடையதே: ‘இங்கிலாந்துத் தொழில் நகரமொன்றின் பழைய பங்குக் கோயில்கள்.’

“சேர், நான் கண்டியைத் தாண்டிப் போனதே இல்லையே.”

“ஐசே, மோட்சத்தைப் பற்றி எழுதினவையெல்லாம் போய்ப் பாத்திட்டோ எழுதினவை?”

எழுதினேன்.

புகைபோக்கிகளுக்கு நடுவே தலைநீட்டும் அந்தப் பழங்கோபுரம், நகரத்து மக்களின்

(கைவிட்டேன். புகைபோக்கி என்றதும் தேயிலைத் தொழிற்சாலை வந்து நின்றது.)

தெற்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடியில், ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கியபடி

(ஆட்டுக்குட்டி மட்டும் நன்றாக வந்தது. அது எங்கள் மடுல்கெல்ல ஆடு.)

2

தோற்றுப்போனேன். எனக்குத் தெரிந்த பங்குக் கோயில் ஒன்றே ஒன்று. மடுல்கெல்லைக்கு மேலே, வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காகக் கட்டி, பிறகு எங்களுக்கு விட்டுப்போனது. (கோபுர உயரம் கேட்பீர்கள், சேர். அளக்கவில்லை.)

அதைப் பார்த்துக்கொள்பவர் சுவக்கின். மணியடிப்பது, மெழுகு சுரண்டுவது, ஞானஸ்நானப் புத்தகத்தைக் கறையான் தின்னாமல் காப்பது என்று முப்பது வருடம். அவருக்கென்று ஒரு சட்டமும் இருந்தது: தோட்டத்துப் பெயரைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வரவேண்டும்.

எங்கள் மலையில் வேதக்காரருக்கு இரண்டு பெயர். தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதியது ஒன்று; கோயில் புத்தகத்தில் சுவாமி எழுதியது ஒன்று. ஆறு நாள் அழகையாவாகத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர் ஏழாம் நாள் லியோனாக முழங்காலில் நிற்பார். யாருக்கும் இது விசித்திரமாகப் பட்டதில்லை. ஒருமுறை கங்காணி கோயில் வாசலில் நின்று “அடே அழகையா!” என்று கத்தியபோது சுவக்கின் மணிக்கயிற்றை விட்டுவிட்டு வந்தார்.

“அழகையாவ மலையில போய்த் தேடுங்க. இங்க லியோன்தான் இருக்காரு.”

3

இனித்தான் கதை. 1955.

லியோன் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். இத்தனை வருடம் குடும்பத்தோடு இங்கேயே இருந்தேன் என்று காட்டவேண்டும். விண்ணப்பம் செக்ரோல் பெயரில்: அழகையா. இருந்த ஒரே அத்தாட்சி கோயில் புத்தகம். நான்கு பிள்ளைகளுக்கும் அங்கே தகப்பன் பெயர் லியோன். இருவரும் ஒருவரே என்று யாராவது சாட்சி சொல்லாவிட்டால் அவரும் பிள்ளைகளும் எந்த நாட்டுக்கும் ஆகாதவர்கள். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவக்கின் லியோனோடு கண்டிக்கு பஸ் ஏறினார்.

“அண்ணே, ஒரே வார்த்தை. அழகையாதான் லியோன். அவ்வளவுதான்.”

“எனக்கே பாடம் சொல்றியா? பேசாம வா.”

பிரஜாவுரிமைக் கந்தோரில் வேதாகமத்தின் மேல் கை வைக்கச் சொன்னார்கள். சுவக்கின் வைத்தார். கோயிலில் இத்தனை காலம் துடைத்து வைத்த வேதம். அதன்மேல் இன்றுதான் முதன்முதலாகச் சத்தியம் செய்கிறார். ஒரு சொல் பிசகக்கூடாது.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் ராஜரத்தினம் தமிழில் திருப்பினார்:

“இந்த அழகையாவை உமக்குத் தெரியுமோ?”

சுவக்கின் யோசித்தார். ஒருநாளாவது அந்தப் பெயர் தம் வாயில் வந்திருக்கிறதா? இல்லை. கர்த்தர் கைக்குக் கீழே இருக்கிறார்.

“தெரியாதுங்க.”

“அண்ணே!”

“சத்தம் போடாத லியோன். சாட்சி சொல்லிக்கிட்டிருக்கேன்ல?”

ராஜரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப, பக்கத்தில நிக்கிறது ஆர்?”

“லியோனுங்க. முப்பது வருசமாத் தெரியும். தங்கமான மனுசன்.”

அதிகாரி எதையோ எழுதத் தொடங்கினார்.*

* நான் அங்கே இல்லை. அடுத்த ஞாயிறு சுவக்கினே கோயில் வாசலில் வைத்து எல்லோருக்கும் சொன்னது. ஒரு பொய் சொல்லாமல் திரும்பியதில் அவருக்கு அத்தனை பெருமை.

4

இந்தச் சுவக்கினை எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டாம் பிரதியில் அவரைக் கங்காணியின் ஆளாக்கி, வேண்டுமென்றே குழி பறித்ததாக எழுதினேன். அடித்துவிட்டேன். லியோனுக்காக அன்று பட்டினி கிடந்து செபித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார் மனிதர். எரிச்சலே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் கதை எப்போதோ முடிந்திருக்கும்.

முடிவு அ: திரும்பும் வழியில், வத்தேகமையில், சுவக்கினுக்கு உறைக்கிறது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி (அவருக்கு உறைக்காது. விடுங்கள்.)

முடிவு ஆ: அதிகாரிக்கும் ஊரில் ஒரு பெயர், கந்தோரில் ஒரு பெயர். நினைத்துச் சிரித்தபடி கையெழுத்து வைக்கிறார். இதை லியோனுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. அப்ப ஏன் பிரஜாவுரிமைக் கடுதாசி இன்னும் வரல?”

கிழித்துவிட்டேன்.

சேர் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: ‘இங்கிலாந்து எங்கே?’

5

என்னால் ஆகாது. அதிகாரியின் கதிரையில் நீங்கள் உட்காருங்கள், வாசகரே. அவர் இன்னும் எழுதி முடிக்கவில்லை, பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பில் அழகையா, கோயில் புத்தகத்தில் லியோன், எதிரே ஒரே மனிதர், ஒரே சட்டை. வெளியே வரிசை நீளம். இன்னும் ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறது.

எப்படிக் கேட்பது என்று நன்றாக யோசித்துவிட்டுக் கேளுங்கள். சுவக்கின் இன்னும் வேதாகமத்திலிருந்து கையை எடுக்கவில்லை.