சுண்டுவிரலுக்குப் போகாத சேதி

என் வீட்டுக்காரர் கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னலுக்கோ மேசைக்கோ, எதுவானாலும் இடது கையால் அளவுகோலை அழுத்திப் பிடித்து, வலது கையால் ஒரே இழுப்பு. மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு துண்டு நழுவி இடது மணிக்கட்டைப் பதம் பார்த்துவிட்டது. அறுந்த நரம்பை டாக்டர் தைத்தார்.

"நரம்பு விரல் நுனி வரைக்கும் மெதுவாத்தாம்மா வளரும்," என்றார் என்னிடம். "அதுவரைக்கும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துத்தான் இருக்கும். சுட்டாலும் கீறினாலும் சேதி முதுகுத்தண்டுக்குப் போகாது. போனாத்தானே கை தானா விலகும்?" உணர்ச்சி திரும்பாமல் கண்ணாடிப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி, தினமும் சோதிக்கும் வேலையை என் தலையில் கட்டினார். இவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் பஞ்சால் விரலைத் தொட வேண்டும். தெரிந்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வாரம் திடீரென்று அவருக்கு ஒவ்வொரு தொடுதலும் தெரிந்தது. "தொட்டுட்ட... ம், இப்பவும் தொட்டுட்ட." திங்கட்கிழமை வேலைக்கு வருவதாக முதலாளியிடம் சொல்லியும் விட்டார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

இன்று பஞ்சை மடியில் போட்டுவிட்டுச் சும்மா முன்னால் சாய்ந்தேன். நாற்காலி கிறீச்சென்றது.

"தொட்டுட்ட," என்றார், கண்ணைத் திறக்காமலே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாற்காலி சத்தத்தக் கேட்டா பதில் சொல்றீங்க? நான் தொடவே இல்ல!"

மாட்டிக்கொண்ட முழி. "வீட்லயே கெடந்தா பைத்தியம் புடிக்குது. பாத்துப் பதமா வெட்டிக்கிறேன், விடேன்."

"விரலே போனாலும் உங்களுக்குத் தெரியாதே!" என்று அவர் சுண்டுவிரலைப் பிடித்துக் கிள்ளினேன். கோபத்தில் நன்றாகவே கிள்ளிவிட்டேன். கை அசையவில்லை. யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நகம் பதிந்த இடத்தில் ரத்தம் துளிர்த்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு வலிக்கவே இல்லடி. நீ ஏன் அழற?"

முந்தானையால் அவர் விரலில் இருந்த ரத்தத்தைத் துடைத்தேன். என் முகத்தையே பார்த்தார். பிறகு போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார்.

"அண்ணே, திங்கக்கெழம வர முடியாதுண்ணே. விரலுக்கு இன்னும் உணர்ச்சி வரல... இல்லண்ணே, அன்னைக்குச் சொன்னது பொய். கிள்ளினாக்கூட எனக்குத் தெரியல. என் பொண்டாட்டிக்குத்தான் வலிக்குது."