வலிக்காத தோள்

கம்பெனி சும்மா எதையும் கொடுக்காது என்பது கட்டிங்காரியின் தீர்மானம். துணி வெட்டும் கட்டிங் பிரிவில் தோள்வலிக்காரர்கள் பெருகியதும், கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் ஓர் ஆஸ்டியோபதி டாக்டரை உட்காரவைத்தார்கள். மருந்து, ஊசி கிடையாதாம். மூட்டையும் தசையையும் கையாலேயே அழுத்திச் சரிசெய்வாராம். வேலைக்கு லாயக்கில்லாதவர்களைக் கழித்துக்கட்டத்தான் இந்த ஏற்பாடு என்று பிரிவு முழுக்க ஒரே முணுமுணுப்பு.

"வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க அண்ணி," என்றாள் பக்கத்து மேஜையில் வெட்டும் நாத்தனார். "எனக்கு ஒரு வலியும் இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நெசமாவே இல்லையே!"

கட்டிங்காரி அதைவிடக் கெட்டிக்காரி. வெட்டும் மிஷினைத் தள்ளுவது வலது கை. வலிப்பதும் அந்தத் தோள்தான். சொன்னால் சீட்டுக் கிழிந்துவிடும், அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. வலியே இல்லை என்றாலோ டாக்டர் நம்பமாட்டார். ஆகவே இடது தோள் என்று சொல்லிவைத்தாள்.

டாக்டர் இடது தோளை அழுத்தினார், மெல்லச் சுழற்றினார். ஆசாமி ஏதோ கணக்குப் போடுகிறார் என்று அவளுக்குப் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று "ஆ" என்றாள். அது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

"கட்டிங்லேருந்து வந்த எல்லாருமே இடது தோள்னுதான் சொல்றீங்க," என்றார் அவர். "மிஷினை எந்தக் கையால தள்ளுறீங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாருமா? அப்படியானால் நாத்தனாரும்?

"நான் சொல்றது யாருக்குப் போகும்?"

"கம்பெனிக்குத்தான். மேஜை ரொம்ப உயரம், இறக்குங்கன்னு சொல்லணும். வலது தோள்னு ஒருத்தராவது சொன்னாத்தானே நான் வாயைத் திறக்க முடியும்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தூண்டில் போடுகிறவனும் நியாயமாகத்தானே பேசுவான்? முதலில் சொல்பவள் தலைதான் உருளும். போய்விடலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கதவுவரை வந்தாள்.

கதவுக் கண்ணாடி வழியே கேன்டீன் தெரிந்தது. நாத்தனார் வலது கையில் டம்ளரை எடுத்தாள். அது வாய்வரை போகவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடது கைக்கு மாற்றிக் குடித்தாள். அடிப்பாவி, என்னிடமுமா மறைத்தாய் என்று கட்டிங்காரிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

டாக்டர் மேல் இருந்த சந்தேகம் இம்மியும் குறையவில்லை. ஆனாலும் திரும்பி வந்து உட்கார்ந்தாள். வலது கையைத் தூக்கினாள். அது தோள்மட்டத்தைத் தொடாமலே நின்றுவிட்டது.

"இதுக்கு மேல வராது டாக்டர். என் பேரையே சொல்லிக்குங்க."