நோயில்லாத எலிகள்

எங்கள் பேராசிரியரின் படம் பேப்பரில் வந்தது, கையில் ஒரு வெள்ளெலியோடு. ஏழு வருடமாக அந்த எலிகளின் கூண்டு கழுவுகிற நான் படத்தில் இல்லை. போகட்டும். தலைப்பைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்: "கர்ப்பத்தில் மனச்சோர்வு மாத்திரை: குழந்தையின் மூளை மந்தமாகும்."

எனக்கு ஐந்தாம் மாதம். தினமும் நான் விழுங்குவது அந்த மாத்திரையைத்தான். அதற்கு முன்னால் நாற்பது நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன், தலைகூட வாராமல், செத்தால் தேவலை என்று.

பேப்பரை நாலாக மடித்துக்கொண்டு நாத்தனார் வந்துவிட்டாள். ராசிபலனைத் தவிர வேறெதுவும் படிக்காதவள்.

"அண்ணி, உங்க ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க. இனிமே அதைத் தொடாதீங்க. பிள்ளை மக்காப் பொறந்தா யாரு பாக்குறது?"

என் வீட்டுக்காரர் மாத்திரை டப்பாவை எடுத்து எங்கேயோ ஒளித்துவைத்தார். அவருடைய வீரம் அவ்வளவுதான்.

மறுநாள் நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனேன்.

"சார், மாத்திரை குடுத்தோமே, அந்தத் தாய் எலிங்களுக்கு என்ன வியாதி?"

"வியாதியா? எல்லாம் நல்ல ஆரோக்கியமான எலிம்மா. பார்த்துப் பார்த்து வாங்குறது."

"அப்ப வியாதி இருந்தும் மாத்திரை கிடைக்காத எலி எந்தக் கூண்டுல இருக்கு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது இந்த ஆராய்ச்சியில இல்ல."

"மனுஷங்களுக்கும் இப்படித்தான் ஆகுமா?"

"உறுதியாத் தெரியாது."

"அதைப் பேப்பர்ல சொல்லியிருக்கலாமே சார்."

"தலைப்பு அவங்க போட்டது" என்றார். போட்டோவுக்குத் தலை சீவியது மட்டும் இவர் போலிருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. குட்டிகளைச் சுற்றுவழிப் பெட்டிக்குள் விட்டு, வெளியே வர எத்தனை நொடி ஆகிறது என்று குறித்தவளே நான்தான். மாத்திரைக் கூண்டுக் குட்டிகள் சராசரியாக மூன்று நொடி தாமதம். அந்த மூன்று நொடிதான் பேப்பரில் மந்தமாகிவிட்டது.

வராந்தாவில் நின்று என் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"யாரைக் கேட்டு நிறுத்தினே? தெரியாத விஷயம் கொஞ்சம் இருக்கு, அப்பவே உன்கிட்ட சொல்லிட்டேன். ஆனா நீ மறுபடி படுத்தா என்ன ஆகும்னு நம்ம ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரியும். இன்னிக்கே போடு."

வீட்டுக்கு வந்தால், நாத்தனார் அந்தச் செய்தியை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன், மூன்று நொடி உட்பட.

"பேப்பர்ல பொய்யா போடுவாங்க?" என்றாள்.

"பொய் இல்லம்மா. ஆனா எலிக்கு வியாதியும் இல்ல, நாத்தனாரும் இல்ல."

அவள் முகம் சுருங்கியது. எனக்குப் பரம திருப்தி. ஆனால் டப்பா இன்னும் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் செருப்பு அலமாரியைத் திறந்தார். அந்த நாற்பது நாளும் எனக்குச் சோறு ஊட்டியவர் அவர். டப்பாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"மூணு நொடி லேட்டா வந்தா வரட்டும். வரும்போது அதுக்கு அம்மா இருக்கணும்."

பிறகு தங்கையைப் பார்த்து, "அண்ணிக்குத் தண்ணி கொண்டு வா" என்றார்.