செனட்டர் வந்துபோன நேரம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. அப்படிச் சொன்னால் எழுதுகிறவனுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. உண்மை வேறு. இது ஒரு சிரிப்பில் பிறந்தது. நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம், வடக்கு விஸ்கான்சினில் நாங்கள் வாரம் தவறாமல் மீன் வறுவல் தின்னப் போகும் பாரில், டிவியில் ஒரு புகைப்படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஆரஞ்சுத் தொப்பி போட்ட அறுபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி, செத்த மானைக் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். வாய் கோணியிருக்கிறது. முதுகு வளைந்து பின்புறம் தூக்கியிருக்கிறது. முப்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோபம் மறுநாள்தான் வந்தது. வந்தபின் இன்னும் போகவில்லை. ஆகவே நடுநிலையான கதை வேண்டுபவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘விடியலின் பனித்திரையை மெல்ல விலக்கிக்கொண்டு அந்தக் கலைமான்—’

நிறுத்திவிட்டேன். எங்கள் ஊர் மான்கள் எதையும் மெல்ல விலக்குவதில்லை. சோளக்கொல்லையில் தின்று கொழுத்து, சாலை நடுவில் நின்று கார்களை முறைக்கின்றன. கதைகளில் வருகிற மானுக்கு மட்டும் எப்படியோ கண் கலங்கிவிடுகிறது.

‘மேவிஸ் ஓஸ்ட்பி ஒரு சாதாரணப் பெண்.’

பொய். எண்பது கிலோ மானைத் தனியாக இழுத்து வருகிறவள் எந்த வகையில் சாதாரணம்?

‘வெண்டல் ஓஸ்ட்பியிடம் இருபத்திரண்டு கேமராக்கள் இருந்தன.’

இது உண்மை. ஆனால் இதில் தொடங்கினால் வெண்டலுக்குச் சந்தோஷமாகிவிடும். எல்லாம் தன்னிடமிருந்துதான் தொடங்குகிறது என்று அவர் ஏற்கெனவே நம்புகிறார். அவரைச் சந்தோஷப்படுத்த நான் இதை எழுதவில்லை.

சரி, தொடங்காமலேயே போவோம்.

3

லைலும் வெண்டலும் அண்ணன் தம்பி. தம்பி லைல் இறந்தபின் அவன் பங்கு நாற்பது ஏக்கர் காடு அவன் மனைவி மேவிஸுக்கு வந்தது. அதை ஒட்டி வெண்டலின் எண்பது. மேவிஸ் வருஷத்துக்கு ஒரு மான் அடிப்பாள். அது அவளுடைய குளிர்காலத்துக் கறி. வெண்டல் மான் அடிப்பதில்லை, ‘நிர்வகிக்கிறார்’. அவரே சொல்லும் சொல்.

நிர்வாகம் என்பது இப்படி. ஆகஸ்ட் மாதமே மரத்துக்கு மரம் கேமராவைக் கட்டிவிடுவார். எதிரே எது அசைந்தாலும் அது படம் எடுத்து, மூலையில் தேதியும் நேரமும் போட்டு வைத்துக்கொள்ளும். பாதி கேமராக்கள் படத்தை நேரே அவர் போனுக்கு அனுப்பிவிடும். மீதியில் கார்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எந்த மான் எந்தத் தடத்தில் எத்தனை மணிக்குப் போகிறது என்று வரைபடத்தில் கலர் கலராய் ஊசி குத்துவார். பெரிய கொம்புள்ளவற்றுக்குப் பெயர் வைப்பார். பிறகு அக்டோபரில் தன் கொட்டகையில் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் உட்கார்த்தி வைத்து, எது சுடத் தக்கது, எது சுடத் தகாதது என்று அறிவிப்பார். ஒரு குச்சியும் வைத்திருக்கிறார், வரைபடத்தைத் தட்டிக் காட்ட.

இந்த வருஷம் பன்னிரண்டு கிளைக் கொம்புடன் ஒன்று வந்தது. அதற்குச் ‘செனட்டர்’ என்று பெயர்.

“செனட்டரை யாரும் தொடக்கூடாது,” என்றார் வெண்டல். “நாலு வருஷமா அவனைப் பார்த்துட்டு வர்றேன். அவனுக்கும் எனக்கும் ஒரு சரித்திரம் இருக்கு.”

“அது அவனுக்குத் தெரியுமா?” என்றாள் பின்வரிசையிலிருந்து மேவிஸ்.

“சிரிக்காத மேவிஸ். இது விஞ்ஞானம்.”

“எனக்கு ஃப்ரீசர் நிறையணும் வெண்டல். விஞ்ஞானத்தை வெங்காயம் போட்டு வதக்க முடியாது.”

“அப்போ ஒரு பெட்டையை அடி. யார் வேணாங்கறா?”

“என் நாப்பதுல எது முதல்ல வந்து நிக்குதோ அதை அடிப்பேன். செனட்டரே வந்தாலும் சரி. நான் ஒண்ணும் அவனுக்கு ஓட்டுப் போடல.”

“லைல் இருந்திருந்தா இப்படிப் பேச விட்டிருக்க மாட்டான்.”

“லைல் இருந்திருந்தா உன் மேப் மேல காப்பியைக் கொட்டியிருப்பான். போ, குச்சியை எடுத்துட்டு மேல சொல்லு.”

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. ‘சரித்திரம் இருக்கு’ என்பதை எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்கள் கண் கலங்கச் சொல்வார்கள். ஒரு மானை இரண்டு மூன்று வருஷம் படம் பிடித்துவிட்டால் அதன்மேல் ஓர் உரிமை வந்துவிடுகிறதாம். மானின் சம்மதம் தேவையில்லை. அது யாருடைய நிலத்தில் மேய்கிறது என்பதும் தேவையில்லை. பார்த்தாயிற்று, பெயர் வைத்தாயிற்று, ஆகவே என்னுடையது. நானும் ஒரு பெண்ணைச் சில பக்கங்கள் பார்த்துவிட்டு ‘என் பாத்திரம்’ என்கிறவன்தான். ஆகவே இந்த இடத்தில் கோபத்தை அடக்கிக்கொள்கிறேன். (அடக்கவில்லை.)]

4

நவம்பர் முதல் ஞாயிறு. கோடைக்கால நேரம் முடிந்ததால், வருஷா வருஷம் போல ஊர் முழுக்கக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். துப்பாக்கிப் பருவம் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. வில்லும் குறுக்குவில்லும் மட்டும்தான் அப்போது செல்லும்.

புதன்கிழமை வெண்டல் எல்லோருக்கும் போனில் செய்தி அனுப்பினார்: செனட்டர் மூன்று நாளாக எல்லை ஓரத்துத் தடத்தில் வருகிறான், ஆனால் ஐந்து மணிக்குத்தான் வருகிறான். சட்டப்படி அம்பு விட அனுமதி நாலு ஐம்பதோடு முடிந்துவிடுகிறது. ஆகவே உட்கார்ந்து பயனில்லை, யாரும் போய்க் காட்டைக் கலைக்க வேண்டாம், நானும் போகவில்லை.

மேவிஸ் அந்தச் செய்தியைப் படிக்கவில்லை. வியாழக்கிழமை மூன்று மணிக்குத் தன் பரணில் ஏறி உட்கார்ந்தாள். துப்பாக்கிப் பருவமாக இல்லாவிட்டாலும் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்ற மாட்டாள். வெண்டலின் நண்பர்கள் அசைவதையெல்லாம் சுடுகிறவர்கள். விரல்கள் மரத்துப்போய், அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது வலப்பக்கம் சருகு நொறுங்கியது. செனட்டர் வந்தது. வரைபடம், ஊசி எதுவும் இல்லாமல், பசியோடு ஒரு பெட்டையின் வாசனையைப் பிடித்துக்கொண்டு மூக்கை நீட்டியபடி வந்தது. மேவிஸ் மூச்சைப் பாதியில் நிறுத்தினாள். அம்பு தோளுக்குப் பின்னால் இறங்கியது. மான் அறுபது தப்படி ஓடி விழுந்தது.

‘அவள் அதன் அருகில் மண்டியிட்டு, மௌனமாக—’

இல்லை. அவள் சொன்னது: “அடக் கடவுளே, இவ்வளவு பெரிசா? இதை யாரு இழுக்கிறது?”

அவள்தான் இழுத்தாள்.

5

வெள்ளிக்கிழமை பார். அந்த வாரம் மேவிஸ் வரவில்லை. கறிக்குக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். வெண்டல் கார்டோடு வந்து, டிவியில் படத்தைப் போடச் சொன்னார். மூலையில் நேரம்: 5:12.

“நாலு ஐம்பதுக்கு மேல இருபத்திரண்டு நிமிஷம்,” என்றார். “என் தம்பி பொண்டாட்டிங்கறதால கண்ணை மூடிக்கிட்டா, நான் என்ன மனுஷன்?”

“பாட்டம்மா இருட்டுலயே குறி வெக்கிறாங்கப்பா!” என்று யாரோ கத்தினார்கள்.

அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வெண்டல் படத்தை வேட்டைக் காவல் அதிகாரிக்கு அனுப்பிவிட்டார்.

6

(முதல் வரைவில் அதிகாரி ஓர் ஆண். பெரிய மீசை. பேசிக்கொண்டே இருந்தான். அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, ஹாலோரன் என்ற பெண்ணைப் போட்டிருக்கிறேன். குறைவாகப் பேசுவாள்.)

சனிக்கிழமை காலை. மேவிஸின் கார்ஷெட்டில் மான் தலைகீழாகத் தொங்குகிறது. பாதித் தோல் உரிந்திருக்கிறது. வாசலில் ஹாலோரன். அவளுக்குப் பின்னால், துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தோடு, வெண்டல்.

“மேடம், வியாழக்கிழமை எத்தனை மணிக்கு அடிச்சீங்க?”

“நாலு மணி இருக்கும். ஏன்?”

“படத்துல அஞ்சு பன்னிரண்டுன்னு இருக்கு. அது உண்மைன்னா மானை நான் எடுத்துட்டுப் போகணும். லைசென்ஸும் போயிடும். மூணு வருஷம் வரைக்கும்.”

மேவிஸ் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “யாரு எடுத்த படம்?”

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மேவிஸ்,” என்றார் வெண்டல். “ஆனா சட்டம்னா சட்டம்.”

“காட்டுங்க.”

ஹாலோரன் போனை நீட்டினாள். மேவிஸ் பார்த்தாள். தன் கோணல் வாயைப் பார்த்தாள். தூக்கிய பின்புறத்தைப் பார்த்தாள். பிறகு மற்றதையெல்லாம் பார்த்தாள்.

“இந்தத் தொப்பி என்ன கலரு?”

“ஆரஞ்சு.”

“கீழ கிடக்கிற இலை?”

“மஞ்ச—” ஹாலோரன் நிறுத்திக்கொண்டாள்.

“வெண்டல், அஞ்சு பன்னிரண்டுக்கு உன் கேமரா என்ன கலர்ல படம் எடுக்கும்?”

வெளிச்சம் போனதும் அந்தக் கேமராக்கள் தாமாகவே கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடும். ஒரு கேமரா வைத்திருப்பவனுக்கும் இது தெரியும். வெண்டலுக்கு இருபத்திரண்டு தடவை தெரியும்.

“ஞாயித்துக்கிழமை டைம் மாத்தினியா?”

“அதெல்லாம் தானா மாத்திக்கும்.”

“போன்ல வர்றது மாத்திக்கும். இது போன்ல வந்துச்சா?”

“இது... பழசு. கார்டு போட்டது.”

வெண்டலின் முகத்தில் ஏதோ மெதுவாக நடந்தது. அவள் மானை இழுத்துப் போனது நாலு பன்னிரண்டுக்கு. அப்படியென்றால் ஞாயிறிலிருந்து செனட்டர் ஐந்து மணிக்கு வரவே இல்லை. நாலு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், கலரில் வந்திருக்கிறது. வெண்டல் மூன்று நாள் படங்களைப் பெரிதாக்கிக் கொம்பை எண்ணிக்கொண்டிருந்தாரே தவிர வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காட்டைக் கலைக்காமல் இருந்திருக்கிறார்.

(இந்தப் பத்தியை நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் சந்தோஷமாக.)

“கேமராவை நேர்ல பார்க்கணும்,” என்றாள் ஹாலோரன்.

7

இதற்குப் பிறகு நான் சந்தோஷமாக இல்லை.

மூவரும் காட்டுக்குள் நடந்தார்கள். வெண்டல் பின்தங்கினார், முழங்கால் வலி என்றார். எல்லைக் கம்பியைத் தாண்டி, மேவிஸின் நாற்பதுக்குள், நாற்பது தப்படி தள்ளி, அவளுடைய ஓக் மரத்தில் கேமரா இருந்தது. அதைக் கட்டியிருந்த பட்டைக்குப் பச்சைப் பெயிண்ட். மேலே மறைப்பதற்கு ஒரு தேவதாருக் கிளை. அது தடத்தைப் பார்க்கவில்லை. அவள் பரணின் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியிருந்தது. ஹாலோரன் எழுதிக்கொண்டாள். பிறகு வெண்டலிடமிருந்து கார்டை வாங்கிப் போட்டு, மற்றப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

அக்டோபரிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். மான் பத்தொன்பதில் இருந்தது. மீதி எல்லாம் மேவிஸ். ஏறுகிற மேவிஸ், இறங்குகிற மேவிஸ், சாண்ட்விச் தின்கிற மேவிஸ். புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து பேண்ட்டை மேலே இழுக்கிற மேவிஸ். ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி, நேரம்.

“இது மானுக்காக வெச்சது,” என்றார் வெண்டல். “நீதான் குறுக்க வந்த.”

முதல் வரைவில் இந்தக் கேமராவை வெண்டலின் பக்கத்தில், எல்லைக்கு ஓரமாகத்தான் கட்டியிருந்தேன். ஒரு வரியில் மரியாதையாக நகர்த்திவிட்டேன். ஊர்ப் பெரிய மனிதர், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர், இந்த அளவுக்குப் போவாரா என்று எனக்கே சந்தேகம். நகர்த்திய பின் அந்த ‘நீதான் குறுக்க வந்த’ எங்கே நிற்கும் என்று பார்த்தேன். அவள் மரத்தடியில்தான் நின்றது. திரும்பக் கொண்டுவந்து கட்டினேன்.

8

கைவிட்ட முடிவுகள்.

வெண்டல் பாரில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறார். எழுதினேன். பன்னிரண்டு நிமிஷம் பேசினார், முழுக்கத் தன்னைப் பற்றி. கடைசியில் கைதட்டலும் வாங்கிவிட்டார். கிழித்தேன்.

மேவிஸ் கோடாரியை எடுத்து இருபத்திரண்டையும் நொறுக்குகிறாள். எழுதும்போது என் உடம்புக்கு மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் அது என் உடம்பு. அவளுக்கு மதியத்துக்குள் கறி வெட்டிப் பொட்டலம் கட்டியாக வேண்டும்.

இருவரும் சமாதானமாகி, அந்த மானின் முதுகுக் கறியை வெண்ணெயில் வதக்கிச் சேர்ந்து உண்கி

இதை முடிக்க மாட்டேன்.

9

ஒன்றை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன். மேவிஸின் நாற்பது ஏக்கருக்குப் பாதை வெண்டலின் வயல் வழியாகத்தான். அந்தப் பாதைக்குக் காகிதம் கிடையாது. மாமனார் காலத்து வாய்ப்பேச்சு. வெண்டல் கேட்டைப் பூட்டினால், அவள் தன் காட்டுக்குப் போகச் சதுப்பைச் சுற்றி ஐந்து மைல் நடக்க வேண்டும். மானை இழுத்துக்கொண்டு திரும்பவும் வேண்டும். வழக்குப் போட்டால் அவள் ஜெயிக்கலாம். எழுபது வயதில்.

மேலே போவதற்கு முன் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓக் மரத்தடி. ஹாலோரன் கேமராவை ஒரு பையில் போட்டாள்.

“மேடம், உங்க மேல ஒண்ணும் இல்ல. மான் உங்களோடது. லைசென்ஸும் உங்ககிட்டயே இருக்கும். ஆனா இது உங்க நிலம். நீங்க புகார் கொடுத்தா நான் எழுதறேன். எழுதினா அவருக்கு இந்த வருஷத் துப்பாக்கிப் பருவம் போயிடும். எழுதட்டுமா?”

“மேவிஸ்,” என்றார் வெண்டல், “குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல. நாளைக்கு வழின்னு ஒண்ணு வேணும்ல. நான் மிரட்டறேன்னு நினைக்காத, நான் என்ன சொல்ல வர்றேன்னா, நாற்பது வருஷமா நாம—”

இதற்குமேல் அவருக்கு வசனம் கிடையாது. இந்தக் கதையில் என் அதிகாரத்துக்கு உட்பட்டது அது ஒன்றுதான், செய்துவிட்டேன். வாயைத் திறந்தபடி அங்கேயே நிற்கட்டும்.

மேவிஸ் சொல்ல வேண்டியதை நான் எழுதினால், ‘எழுதுங்க’ என்றுதான் எழுதுவேன். பெரிய எழுத்தில், இரண்டு முறை. எனக்கு அதில் ஒன்றும் போகாது. ஐந்து மைல் நடக்கப் போவது நானில்லை. ‘வேண்டாம்’ என்று எழுதினால், அடுத்த ஆகஸ்டில் இன்னொரு மரத்தில் இன்னொரு பச்சைப் பட்டை. அதைப் பார்க்கப் போவதும் நானில்லை. இரண்டு வார்த்தைகளையும் மாற்றி மாற்றி அவள் வாயில் வைத்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் அவள் என்னை, தன் ஏணிக்கு எதிரே கட்டப்பட்ட ஒரு பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அதனால் நான் இங்கிருந்து என்னைக் கழற்றிக்கொள்கிறேன். ஹாலோரன் பேனாவோடு காத்திருக்கிறாள். குளிரில் மை உறைவதற்குள் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்வதானால் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் அவளைக் கேளுங்கள்.